கரை காலி

கப்பலுக்குப் பின்னால் ஒரு பறவைகூட வரவில்லை.

காலை ஏழு மணி. சிக்ரூன் காப்பிக் கோப்பையை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு பின்தளத்துக் கம்பியோரம் நின்றிருந்தாள். வடதுருவத்தை அடுத்த ஸ்வால்பார் தீவுகளைச் சுற்றிப் பயணிகளுக்கு விலங்குகளையும் பறவைகளையும் காட்டும் வழிகாட்டி வேலையில் அவளுக்கு இது ஆறாவது கோடை. ஆறு கோடையிலும் கப்பலின் பின்னால் ஃபுல்மார் பறவைகள் வராத நாள் கிடையாது. சாம்பல் இறக்கைகளை அடிக்காமல், கப்பல் கிளப்பிவிடும் காற்றிலேயே சாய்ந்து சாய்ந்து இருபது முப்பதாவது வந்துகொண்டே இருக்கும். புயலிலும் வரும், பனிமூட்டத்திலும் வரும், சூரியன் இறங்காமல் வானத்தையே சுற்றிக்கொண்டிருக்கும் இந்த மாதங்களில் தூக்கம் என்பதே இல்லாததுபோல வரும். பயணிகள் இரண்டாம் நாளே அவற்றைப் படம் எடுப்பதை நிறுத்திவிடுவார்கள். இன்று கப்பல் உழுதுபோட்ட வெள்ளைத் தடம் மட்டும் நீண்டு கிடந்தது. இயந்திரத்தின் உறுமல் இவ்வளவு தெளிவாகக் கேட்டு அவளுக்கு ஞாபகமில்லை.

"என்ன, உன் ஆளுங்கல்லாம் வேலைய விட்டுட்டுப் போயிட்டாங்களா?"

எஸ்கில். ரப்பர் படகு ஓட்டுகிறவன். வாயில் பாதி ரொட்டியோடு வந்து பக்கத்தில் சாய்ந்து நின்றான்.

"எங்க போச்சுன்னு தெரியல" என்றாள்.

"நேத்து வச்ச மீன் சூப்போட வாசம் அப்படி. நானே குதிச்சு நீந்திப் போயிடலாமான்னு பாத்தேன்."

அவள் சிரிக்கவில்லை. கோப்பையின் விளிம்பைக் கட்டைவிரலால் தேய்த்தாள். "எஸ்கில், நேத்து உன்னோட கடைசிப் படகுல எத்தனை பேரு?"

"பத்து. நீ கரையில நின்னு எண்ணுன, நான் படகுல எண்ணினேன். ரெண்டும் பத்து. ஏன்?"

"அந்தப் பெரியவர் ஓட்வார் இருந்தாரா?"

"அந்த மூட்டத்துல யாரத் தெரியுது? எல்லாருக்கும் நம்ம குடுத்த அதே செகப்புக் கோட்டு. முன்மூலையில ஒருத்தர் தலைமூடிய இழுத்து விட்டுக்கிட்டு உக்காந்திருந்தாரு, அவராத்தான் இருக்கும்." மென்றுகொண்டே யோசித்தான். "படகு மட்டும் முன்பக்கம் அமுங்கியே வந்துச்சு. பத்துப் பேரு கனம் இல்ல அது. கல்லு ஏத்துன மாதிரி."

அவன் போன பிறகும் அவள் அங்கேயே நின்றாள். காப்பி ஆறிவிட்டது.

நேற்று மாலை ஸ்டில்புக்தாவில் இறங்கியிருந்தார்கள். கூழாங்கல் கரை, அதில் தந்தம் நீண்ட வால்ரஸ் கூட்டம், கரைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு கல்மேடு, மேட்டுக்கு அப்பால் யாரும் இல்லாத பழைய வேட்டைக்காரர் குடிசை. எண்பத்தாறு பயணிகளும் வால்ரஸ்களைப் பார்த்து முடிப்பதற்குள் கடலிலிருந்து மூட்டம் ஏறிவந்தது. மூட்டத்தில் கரையில் நிற்கக்கூடாது. கரடி பத்தடியில் வந்து நின்றாலும் தெரியாது. பயணத் தலைவர் ஹால்வார் எல்லோரையும் படகுக்கு அனுப்பச் சொன்னார்.

துப்பாக்கியோடு கடைசியாக நிற்கிற காவலாளுக்கு ஒரு கடமை உண்டு. கரையின் கோடிவரை நடந்து, மேட்டுக்குப் பின்னாலும் போய், தன் கண்ணால் பார்த்துவிட்டு வந்து, ரேடியோவில் இரண்டே வார்த்தை சொல்ல வேண்டும்: கரை காலி. அதைச் சொல்லிவிட்டால் யாரும் திரும்பிப் போக மாட்டார்கள். நேற்றுக் கடைசி ஆள் சிக்ரூன். அவள் பாதிவழி நடந்தாள். மூட்டம் கல்மேட்டைத் தின்றுவிட்டிருந்தது. எண்ணிக்கை சரியாக இருந்தது, படகு காத்திருந்தது, முட்டிவரை குளிர் ஏறியிருந்தது. மேட்டுக்கு அந்தப் பக்கம் கற்கள் சரியும் சத்தம். யாரோ காலை மாற்றி வைத்ததுபோல. நரியாக இருக்கும். "யாராவது இருக்கீங்களா?" என்று ஒரு தடவை கேட்டாள். பதில் இல்லை. பொத்தானை அழுத்தினாள்.

"கரை காலி."

கப்பல் ஏறியதும் எண் பலகையைப் பார்த்தாள். இறங்கும்போது பயணிகள் அவரவர் அறை எண் வில்லையைச் சிவப்புப் பக்கம் திருப்பிவிட்டுப் போவார்கள், திரும்பி வந்ததும் வெள்ளைக்கு மாற்றுவார்கள். இருநூற்றுப் பதினான்கு மட்டும் சிவப்பாகவே இருந்தது. ஓட்வார். மறதியில் திருப்பாமல் போகிறவர்கள் தினமும் ஒருவராவது இருப்பார்கள். முகத்தை நேரில் பார்த்த பிறகுதான் வேறொருவர் அதைத் திருப்பலாம் என்பது விதி. ஈரக் காலணியோடு இரண்டு தளம் இறங்கப் பிடிக்காமல் அவள் அறைக்குத் தொலைபேசியில் கூப்பிட்டாள். எடுத்தார்கள். நெடுநேரம் எதுவும் இல்லை. அலை பின்வாங்கும்போது கூழாங்கற்கள் உரசிக்கொண்டு உருளுமே, அந்தச் சத்தம் கம்பிக்குள் கேட்டது. பிறகு ஒரு குரல்.

"இருக்கேன்."

அவள் வில்லையை வெள்ளைக்குத் திருப்பினாள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவர் வரவில்லை. பயணக் களைப்பில் பலரும் வருவதில்லைதான். ஆனாலும் படுக்கையில் புரண்டபோது அவளுக்கு அந்தக் கல் சரிந்த சத்தமே கேட்டுக்கொண்டிருந்தது. மேட்டுக்குப் பின்னால் போயிருக்கலாம். நாற்பது அடி. அவ்வளவுதான்.

ஓட்வாருக்கு எழுபத்தொன்று. பூடோ ஊர்க்காரர், படகுத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முக்காலி வைத்த பழைய தொலைநோக்கியைத் தோளில் சுமந்துகொண்டு எங்கே இறங்கினாலும் எல்லோருக்கும் பின்னால் வருவார். பனிக்கட்டி ஓரத்தில் மட்டும் திரியும் வெள்ளைக் கடற்காகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய நாற்பது வருட ஆசை. "என்னைப் பாத்து அவசரப்படாத பொண்ணே" என்று முதல் நாளே சொல்லியிருந்தார். "மெதுவாத்தான் வருவேன். முட்டி ரெண்டும் வேற வேற ஆளோடது."

காலை உணவுக் கூடத்துக்குப் போய் அவரைப் பார்த்தபோது சிக்ரூனுக்குக் கண்ணே கலங்கியது. ஜன்னலோர மேசையில், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதே பழுப்புக் கம்பளிச் சட்டை. அதே நரைத்த பிடரி. அவள் மேசையைச் சுற்றிப் போய் எதிரில் நின்றாள்.

"காலை வணக்கம், ஓட்வார்."

"காலை வணக்கம்."

அவருடைய முகம்தான். மூக்கின் பக்கத்திலிருந்த மரு, கண்ணுக்குக் கீழே தொங்கும் பை, எல்லாம் அவருடையது. தட்டில் பழுப்புப் பாலாடைக்கட்டித் துண்டுகள் எட்டு, ஒன்றின்மேல் ஒன்றாக ஒழுங்காக அடுக்கியிருந்தன. ஒன்றையும் தொடவில்லை.

"நேத்து உங்க வெள்ளைக் கடற்காகம் கண்ணுல பட்டுச்சா?"

அவர் அவளுடைய கண்களைப் பார்க்கவில்லை. வாயைப் பார்த்தார். அவள் பேசி முடித்த பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருடைய உதடுகள் லேசாக அசைந்தன, அவளுடைய கேள்வியைச் சத்தமில்லாமல் ஒருமுறை போட்டுப் பார்ப்பதுபோல.

"பட்டுச்சு."

"நிஜமாவா? எத்தனை?"

"பத்து."

நாற்பது வருடம் காத்திருந்தவர் பேசுகிற பேச்சு இல்லை. அவரிடமிருந்து ஒரு வாசனை வந்தது. அழுகல் இல்லை. தண்ணீர் இறங்கியபின் ஈரமாய் நிற்கும் பாறையின் அடிப்பக்கத்து வாசனை. அவள் சிரித்து, தலையாட்டி, நகர்ந்தாள். கூடத்தின் கதவருகே திரும்பிப் பார்த்தபோது அவர் தலையைத் திருப்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். உடம்பு திரும்பவில்லை. தலை மட்டும்.

ஆள் கப்பலில் இருக்கிறார். கண்ணால் பார்த்தாகிவிட்டது. அதைத் தனக்குத்தானே நாலைந்து தடவை சொல்லிக்கொண்டாள்.

ஒன்பதரை மணிக்கு அறைகளைச் சுத்தம் செய்யும் மரிசெல் அவளைப் படிக்கட்டில் நிறுத்தினாள். மரிசெல் பிலிப்பைன்ஸ்காரி. சிரித்துக்கொண்டேதான் குறை சொல்வாள். இன்று சிரிக்கவில்லை. அவளுடைய துணிப்பை கனத்துத் தொங்கியது.

"மேடம், கரையிலேருந்து கல்லு கில்லு எடுத்துட்டு வரக்கூடாதுன்னு நீங்கதான மைக்குல சொல்றீங்க?"

"ஆமா. ஏன்?"

மரிசெல் பையைத் திறந்து காட்டினாள். ஈரமான கூழாங்கற்கள். "இருநூத்திப் பதினாலு. தரை பூராக் கெடக்கு. பொறுக்கப் பொறுக்கத் தீரல. படுக்கை நேத்து நான் விரிச்சபடியே இருக்கு மேடம், ஒரு மடிப்புக் கலையல."

"அவர் அங்க இருந்தாரா?"

"குளியலறையில. விளக்கு போடாம, கண்ணாடி முன்னாடி நின்னுக்கிட்டு." குரலைத் தாழ்த்தினாள். "தன் பேரையே சொல்லிட்டு இருந்தாரு. ஓட்வார், ஓட்வார்னு. பள்ளிக்கூடத்துப் புள்ள பாடம் ஒப்பிக்குமே, அப்படி. தப்பாச் சொல்லிட்டு, நிறுத்திட்டு, மறுபடி."

சிக்ரூன் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அவரோட பெரிய தொலைநோக்கி? முக்காலியோட?"

"அதைத்தான் நானும் தேடுனேன். தினமும் ஜன்னல்கிட்ட நிக்கும், எங்க இடிச்சுடுவேனோன்னு பயந்து பயந்து பெருக்குவேன். இன்னைக்கு இல்ல." பையைத் தூக்கித் தோளில் போட்டாள். "அந்த அறைக்கு வேற யாரையாவது போடச் சொல்லுங்க மேடம். நான் மாட்டேன்."

பதினோரு மணிக்கு சீல்களைப் பார்த்தார்கள்.

ஒரு பெரிய பனிக்கட்டித் தட்டின்மேல் ஐந்து தாடி சீல்கள், மீசை நீண்ட பெரிய கடல்நாய்கள். கப்பலின் இயந்திரத்தைத் தாழ்த்தினார்கள். பயணிகள் மூச்சை அடக்கிக்கொண்டு தளத்துக் கம்பியோரம் வரிசையாக நின்றார்கள், ஐம்பது அறுபது வாய்களிலிருந்து வெண்ணிறப் புகை எழுந்து கலைந்தது. பனித்தட்டில் படுக்கும் சீல் எப்போதும் தண்ணீரின் பக்கம் தலையை வைத்துத்தான் படுக்கும், ஆபத்து என்றால் ஒரே உருளலில் கடலுக்குள் போய்விடுவதற்காக. இந்த ஐந்தும் கப்பலின் பக்கம் தலைவைத்துக் கிடந்தன. கப்பல் மெல்ல நகர நகர, ஐந்து தலைகளும் சேர்ந்து திரும்பின.

"எவ்வளவு சாது பாருங்க" என்று ஒரு பெண்மணி கிசுகிசுத்தார். "நம்மளையே பாக்குதுங்க."

நம்மை இல்லை. சிக்ரூன் அவற்றின் கண்களைப் பைனாகுலரில் பார்த்தாள். கருத்து, நனைந்து, அசையாத கண்கள். அவை மேல்தளத்தைப் பார்க்கவில்லை. கீழே, தண்ணீருக்குச் சற்று மேலே, அறைகளின் வட்ட ஜன்னல் வரிசையைப் பார்த்தன. தாய் சீல் ஒன்று பார்வையை எடுக்காமலே தன் குட்டியை உடம்பால் தள்ளித் தள்ளித் தனக்குப் பின்னால் கொண்டுபோனது. பயந்த சீல் ஓடிவிடும். இவை ஓடவில்லை. ஏதோ ஒன்றுக்கு முதுகைக் காட்டப் பயந்து கிடந்தன.

அவள் கம்பிக்கு மேலே எக்கி, கப்பலின் பக்கவாட்டைக் குனிந்து பார்த்தாள். முன்பக்கமிருந்து ஏழாவது ஜன்னல், இருநூற்றுப் பதினான்கு. கண்ணாடியில் உள்ளிருந்து ஒரு உள்ளங்கை. அழுத்திப் பரத்திய உள்ளங்கை. அதற்கு மேலே இன்னொன்று. அதற்கும் மேலே.

நிமிர்ந்துவிட்டாள். மூன்றாவதை அவள் எண்ணவில்லை.

ஹால்வாரிடம் போனாள். வரைபட மேசையில் குனிந்திருந்தார். வடக்கே பனி அடைத்துவிட்டதாம், மாலுமிகள் தெற்கே திரும்பும் பாதையைக் குறித்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பயணம் முடிந்ததும் அவளுக்குக் குளிர்காலத்துக்கும் சேர்த்து வேலை கொடுப்பதாக அவர் சொல்லியிருந்தார். நேற்று நடந்ததைச் சொல்லாமலே இருந்துவிடலாம் என்று படியேறும்போதுகூட நினைத்தாள். ஆனால் அந்தக் குடிசையை யாரும் பூட்டுவதில்லை. உள்ளே விறகும் தீப்பெட்டியும் வைத்துவிட்டு வருவதுதான் இங்கே வழக்கம். ஒருவர் அங்கே உயிரோடு இருக்கமுடியும். ஒருநாள். சில வேளை இரண்டு நாள்.

"நேத்து நான் கோடி வரைக்கும் போகல" என்றாள்.

ஹால்வார் பென்சிலைக் கீழே வைத்தார். "எந்தக் கோடி?"

"ஸ்டில்புக்தாவுல. மேட்டுக்குப் பின்னாடி பாக்காமலே கரை காலின்னு சொல்லிட்டேன். ஓட்வாரோட வில்லையையும் முகத்தப் பாக்காமலே திருப்பிட்டேன். ஃபோன்ல குரலக் கேட்டுட்டு."

அவர் சத்தம் போடவில்லை, அதுதான் வலித்தது. "இருபத்திரண்டு வருஷமா இந்த வேலை பாக்குறேன் சிக்ரூன். அந்த ரெண்டு வார்த்தையை நம்பித்தான் நங்கூரத்தை எடுக்குறோம். குளிர்கால வேலைய நீ மறந்துடு." பெருமூச்சு விட்டார். "ஓட்வாரை இன்னைக்குக் காலையில நான் பாத்தேன். நல்லா இருக்காரு. உன் அதிர்ஷ்டம், அவ்வளவுதான்."

"நானும் பாத்தேன். அவர் இல்ல அது."

"என்ன சொல்ற?"

கல், வாசனை, சீல்களின் கண், ஜன்னலில் கை. ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றும் சுருங்கிப் போயிற்று. ஹால்வார் எழுந்து அவளையும் கூட்டிக்கொண்டு பயணிகள் கூடத்துக்குப் போனார். ஓட்வார் அங்கே நாற்காலியில் இருந்தார். மடியில் இரண்டு கைகள். இரண்டே இரண்டு.

"ஓட்வார், நல்லாத் தூங்குனீங்களா?"

"நல்லாத் தூங்குனேன்."

"முட்டி வலி எப்படி இருக்கு?"

"முட்டி வலி இருக்கு."

ஹால்வார் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் போய் இரக்கம் வந்திருந்தது. "போய் ரெண்டு மணி நேரம் படு" என்று காதோரம் சொன்னார். "நாலு நாளா நீ சரியாத் தூங்கல. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

அவர்கள் திரும்பி நடக்கும்போது பின்னாலிருந்து மெல்லிய குரலில், யாரிடமும் இல்லாமல், அது சொல்லிப் பார்ப்பது அவளுக்குக் கேட்டது. போய்ப் படு. போய்ப் படு. தான் கேட்டதை மட்டும்தான் அதனால் பேசமுடியும். அது ஓட்வாரிடமிருந்து கேட்டது எவ்வளவோ, எங்கே வைத்துக் கேட்டதோ.

அவள் படுக்கவில்லை. தெற்கே போகும் வழியில் நாலு மணிக்கு ஸ்டில்புக்தாவைக் கடப்போம் என்று வரைபடத்தில் பார்த்திருந்தாள். சுக்கான் அறைக்கு வெளியே நீட்டியிருக்கும் திறந்த மேடையில், கப்பலின் பெரிய தொலைநோக்கியோடு மூன்றரைக்கே போய் நின்றுகொண்டாள்.

காற்று அடங்கியிருந்தது. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. கரையோரம் மட்டும் மூட்டம் ஒரு வெள்ளைத் துணியாகத் தரையில் ஒட்டிப் படுத்திருந்தது. அதற்கு மேலே கல்மேடு கானலில் நெளிந்தது. பக்கத்தில் நின்ற இளம் மாலுமி பைனாகுலரை இறக்காமல் தாழ்ந்த குரலில் ரேடியோவில் சொன்னான்: "கரடி. கரையில. ஒண்ணு." சொல்லிவிட்டுச் சுக்கான் அறைக்குள் போய்விட்டான்.

கப்பல் ஊமையானது. கரடி என்றால் எல்லாம் நிற்கும். இயந்திரம் தணியும், சமையலறையில் பாத்திரம் ஓயும், கதவுகளை யாரும் சாத்தமாட்டார்கள், எண்பது பேர் காலுறையோடு நடப்பதுபோல் நடந்து முன்தளத்தில் கூடுவார்கள். கூடினார்கள். கேமராக்களின் மெல்லிய டிக் டிக் மட்டும். கரையருகே ஆழம் இல்லை. ஒன்றரைக் கிலோமீட்டருக்கு இப்பால் கப்பல் நின்றது. கரடி நிற்கும் கரையில் படகு இறங்காது. அது சட்டம்.

சிக்ரூன் தொலைநோக்கியைத் திருகினாள். கானல். வெள்ளை. கானல். பிறகு கரடி, பாலில் மஞ்சள் கலந்த நிறத்தில், பெரிய ஆண்கரடி. பின்னங்கால்களில் எழுந்து நின்றது. மூக்கு காற்றில் உயர்ந்திருந்தது.

அதிலிருந்து கல்லெறி தூரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி.

"அந்தச் செகப்பு என்ன?" கீழே யாரோ கேட்டார்கள். "மிதவையா?" "மீன்வலை மிதவையா இருக்கும். கடல்லேருந்து ஒதுங்கினது."

அவள் மூச்சை நிறுத்திக்கொண்டு திருகினாள். கானல் ஒரு நொடி விலகியது. சிவப்புக் கோட்டு. பக்கத்தில் முக்காலி. இரண்டு கைகளும் தலைக்கு மேலே. ஆட்டிக்கொண்டிருந்தன. நின்றன. கீழே தொங்கின. களைப்பாறின. மறுபடி எழுந்து ஆடின.

உயிரோடு இருந்தார். இருபத்திரண்டு மணி நேரம். கரடி பக்கத்தில் நின்றது, அவரைப் பார்க்கவே இல்லை. கப்பலைப் பார்த்தது.

ரேடியோ பொத்தானை அழுத்தினாள். "ஹால்வார். கரையில மனுஷன் இருக்காரு. ஓட்வார். உயிரோட இருக்காரு. கை ஆட்டுறாரு. படகை இறக்குங்க. துப்பாக்கியோட நான் போறேன்."

முன்தளத்தில் ஹால்வார் நிமிர்ந்து மேடையைப் பார்த்தார். அவரைச் சுற்றி நின்றவர்களும் நிமிர்ந்தார்கள். எல்லா முகங்களும். அவளைப் பார்த்த கண்கள் சற்றே பக்கவாட்டில் நகர்ந்தன.

ரேடியோ கரகரத்தது. "சிக்ரூன்." மிக மென்மையாக. "ஓட்வார் உன் பக்கத்துலதான் நிக்கிறாரு."

ஈரப் பாறையின் வாசனை.

அவள் தலையைத் திருப்பவில்லை. கண்ணின் ஓரத்தில் பழுப்புக் கம்பளி. அவள் வாயிலிருந்து புகை எழுந்தது, கலைந்தது, எழுந்தது. பக்கத்தில் எதுவும் எழவில்லை.

கீழே யாரோ கையசைத்தார்கள். அது பதிலுக்குக் கையசைத்தது. சிரிப்பு, அடக்கிய சிரிப்பு, கரடிக்காக அடக்கியது. எஸ்கில்கூடச் சிரித்தான்.

"கப்பலைத் தெற்கால திருப்பச் சொல்றேன்" என்றார் ஹால்வார். "நீ கீழ வா. நான் காப்பி போட்டுத் தரேன்."

"பாருங்க" என்றாள். "தயவுசெஞ்சு ஒரு தடவை இதுல வந்து பாருங்க."

ஹால்வார் வந்துகொண்டிருந்தார். படியில் அவருடைய காலடி கேட்டது. ஒரு நிமிடம் போதும். ஒரு நிமிடம் ஓட்வார் அங்கேயே நின்றால் போதும். அவள் கண்ணைத் தொலைநோக்கியில் ஒட்டிவைத்துக்கொண்டாள். கைகள் ஆடின. அவர் முக்காலியையும் பக்கத்தில் ஊன்றிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கியிருந்தார், முட்டிவரை, கப்பலை நோக்கி. அவள் முகத்தைப் பார்த்தாள். திறந்த வாயைப் பார்த்தாள். அவர் கூப்பிடுவது அவளுக்குத் தெரிந்தது.

பக்கத்தில் கம்பளி உரசியது. அது கீழே நின்றவர்களை விட்டுவிட்டு, கரையின் பக்கம் திரும்பியது. ஒரு கையைத் தூக்கியது. பிறகு இன்னொரு கையை. தலைக்கு மேலே, இரண்டையும், அவர் ஆட்டியதுபோலவே ஆட்டியது.

கரையில் கரடி நான்கு காலில் விழுந்தது. திரும்பியது. ஓடியது. கல்மேட்டின்மேல் ஏறி, ஒருமுறையும் திரும்பிப் பார்க்காமல், மறைந்தது.

ஓட்வாருடைய கைகள் நின்றன.

அவரிடம் நல்ல தொலைநோக்கி இருந்தது. குனிந்து அதில் கண்ணை வைத்தார். நெடுநேரம் பார்த்தார். நிமிர்ந்தார்.

பிறகு ஓட்வார், இருபத்திரண்டு மணி நேரம் இந்தக் கப்பலுக்காகக் காத்திருந்தவர், ஓரடி பின்னால் வைத்தார். இன்னொரு அடி. தண்ணீரிலிருந்து வெளியே. கூழாங்கற்களின்மேல். கப்பலிலிருந்து கண்ணை எடுக்காமல், முதுகைக் காட்டாமல், பின்பக்கமாகவே நடந்து மூட்டத்துக்குள் போனார். கால் மறைந்தது. இடுப்பு. சிவப்பு, மங்கி, வெள்ளை.

ஹால்வார் அவள் தோளில் கைவைத்து, குனிந்து, தொலைநோக்கியில் பார்த்தார். கூழாங்கல் கரை. மூட்டம்.

"கரை காலி" என்றார்.

"கரை காலி" என்றது அது, ஹால்வாருடைய குரலில், கைகளை ஆட்டிக்கொண்டே.